வர வேண்டாம், போன் போதும்

"இனிமே நீங்க இவ்ளோ தூரம் வரத் தேவையில்லம்மா" என்று சின்ன டாக்டர் சொன்னதும் அறையில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நல்ல செய்தி கேட்டவளின் முகம் மலரும் என்று எதிர்பார்த்துச் சிரித்த சிரிப்பு அது. அவர்களை ஏமாற்றக் கூடாது என்று நானும் சிரித்து வைத்தேன்.

எனக்குக் கர்ப்பப்பையின் உள்சுவரில் புற்றுநோய் வந்து, பையை எடுத்து, பிறகு உள்ளே கரண்டு வைத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கதிர் வைத்தியத்தை எங்கள் பக்கத்தில் கரண்டு என்றுதான் சொல்வோம். அது முடிந்ததிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு முறை செக்கப்புக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

ஜவ்வாது மலையில், நெல்லிவாசல்நாட்டுப் பக்கம், பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் சமையல் செய்கிறேன். சொந்த ஊர் மலைக்குக் கீழே, ஆலங்காயத்துக்குப் பக்கம். வீட்டுக்காரர் இறந்துபோனார், பிள்ளையும் இல்லை. இந்த வேலை கிடைத்ததும் மேலே வந்தவள் அப்படியே தங்கிவிட்டேன். சமையல்கட்டுக்குப் பின்னால் எனக்கென்று ஓர் அறை இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் விடிவதற்குள் ஜீப் பிடித்து ஆலங்காயத்தில் இறங்க வேண்டும். அங்கிருந்து பஸ்ஸில் வாணியம்பாடி, அங்கிருந்து இன்னொரு பஸ். திரும்பும்போது கடைசி ஜீப் போயிருந்தால் அண்ணன் வீட்டில் படுத்துவிட்டுக் காலையில் ஏறுவேன். அண்ணன் வீட்டில் யாரும் என்னை ஒன்றும் சொல்ல மாட்டார்கள், ஒன்றும் கேட்கவும் மாட்டார்கள்.

இந்த அலைச்சலைத்தான் சின்ன டாக்டர் நினைத்துப் பார்த்திருக்கிறார். வயதில் இளையவர் என்பதால் ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவரைச் சின்ன டாக்டர் என்பார்கள். எனக்கு ஆபரேஷன் செய்தவர் பெரிய டாக்டரம்மா. இருவரும் என்னை நடுவில் உட்கார வைத்துக்கொண்டு பேசினார்கள்.

"எனக்கு இதுல முழுச் சம்மதம் இல்ல" என்றார் பெரிய டாக்டரம்மா. "கையை வெச்சுப் பாத்தாதான் எனக்குத் திருப்தி."

"மேடம், இது திரும்பி வந்தா முதல்ல தெரியறது அவங்களுக்குத்தான். ரத்தம் படும். நாம பரிசோதனை பண்ணிக் கண்டுபிடிக்கிறதை விட அவங்களே வந்து சொல்லிக் கண்டுபிடிக்கிறதுதான் அதிகம். இவங்களுக்கு வந்தது ஆரம்ப நிலை. மலையிலேர்ந்து ஒரு நாள் பூரா பஸ்ல உக்காந்து வராங்க. நம்ம கிட்ட இருக்கறது கொஞ்ச நேரம். அதுல நாம என்ன பண்றோம்?"

"தைரியம் சொல்றோம்."

"அதைப் போன்லயே சொல்லலாமே. வெளிய எட்டிப் பாருங்க மேடம். புதுசா நோய் கண்டுபிடிச்சவங்க உக்கார எடமில்லாம நிக்கிறாங்க."

அது உண்மைதான். நான் வரும்போதே பார்த்தேன், சுவரோடு சுவராக நின்றிருந்தார்கள். ஒருத்தி கையில் ஸ்கேன் படத்தை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அவள் உட்கார வேண்டிய நாற்காலியில் நான் உட்கார்ந்திருப்பதைப் போல எனக்குக் கூச்சமாகிவிட்டது.

அங்கிருந்த சிஸ்டர்தான் முடித்து வைத்தார். "நான் பேசிக்கிறேன் மேடம். மூணு மாசத்துக்கு ஒரு வாட்டி நானே கூப்புட்டு எல்லாம் கேட்டுர்றேன். உங்க கிட்ட சொல்லக் கூச்சப்படறதைக்கூட என் கிட்ட சொல்லிடுவாங்க. இன்னாம்மா, சொல்வீங்கதானே?"

"சரிங்க" என்றேன்.

"போன் இருக்கா?"

"இருக்குங்க."

பெரிய டாக்டரம்மா ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஒரு துளி ரத்தம் பட்டாலும் அன்னைக்கே சொல்லணும். அது போக, உங்களுக்கு இனிமே பெரிய எதிரி கேன்சர் இல்ல. சுகரும் எடையும்தான். சமைக்கும்போது ருசி பாக்கறதைக் குறைச்சுக்குங்க."

மறுபடியும் எல்லோரும் சிரித்தார்கள். மூவரும் என் நன்மைக்குத்தான் பேசினார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வெளியே வந்த பிறகும் கிளம்ப மனம் வராமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஆபரேஷன் ஆன அதே வாரத்தில் ஆபரேஷன் ஆன கணியம்பாடிக்கார அம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருக்கும் இதே நோய். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர்தான், ஆனாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"இன்னாக்கா, மூஞ்சி தொங்கிப் போய்க் கீது? திரும்ப வந்துடுச்சா?"

"இல்ல. இனிமே வர வேணாம்னுட்டாங்க. போன்ல கேப்பாங்களாம்."

"அடிப்பாவி! அதுக்கா இப்டி எழவு வூட்ல உக்காந்தா மாதிரி உக்காந்துக்கினு கீற? எனக்கு மட்டும் சொல்லட்டும், தேங்கா ஒடைக்கிறேன். ஒவ்வொரு வாட்டி கெளம்பும்போதும் என் மருமவ, 'மறுபடியும் ஆஸ்பத்திரியா அத்தே, பூ யாரு பறிக்கிறது'ன்னு கேக்குறா. பூ பறிக்கவே என்னைக் காப்பாத்தி வெச்சிக்கினு கீறாங்க."

சிரித்தேன். அவரோடு உட்கார்ந்தால்தான் நான் அப்படிச் சிரிப்பேன். என்னிடம் அவருடைய போன் நம்பர் இல்லை. கேட்டால் கொடுத்திருப்பார். நானாகக் கேட்பது எப்படி என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

போன் இருக்கிறதா என்று கேட்டார்கள், இருக்கிறது என்றேன். அந்தப் போன் எங்கே பேசும் என்று யாரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

பள்ளிக்கூடத்துப் பக்கம் சிக்னல் கிடையாது. ஜீப் நிற்கிற வளைவில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கம்பம் இருக்கிறது. அதில் எண்ணெய் கேன் ஒன்றைப் பாதியாக வெட்டி ஆணியில் மாட்டியிருக்கிறார்கள். அந்தக் கேனுக்குள் போனை வைத்தால் சிக்னல் நிற்கும். எடுத்துக் காதில் வைத்தால் போய்விடும். அதனால் எல்லோரும் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, கேனைப் பார்த்துக் கத்துவார்கள். யாருக்குப் பெண் பார்க்கிறார்கள், யார் மகன் திருப்பூரில் வேலையை விட்டுவிட்டான் என்பதெல்லாம் அந்தக் கேனிலிருந்துதான் ஊருக்குத் தெரியும். அங்கே அதை யாரும் ஒட்டுக்கேட்பதாக நினைப்பதில்லை. பேசுகிறவருக்குப் பதில் மறந்துபோனால் பக்கத்தில் நிற்பவர் எடுத்துக்கொடுப்பார்.

சிஸ்டர் கூப்பிடுவதாகச் சொன்ன முதல் நாள், சொன்ன நேரத்துக்கு முன்பே போய் நின்றேன். ஜீப்பின் அடுத்த நடை கிளம்பும் நேரமும் அதுதான். சாமை மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சந்தைக்குப் போகும் பெண்கள் தொட்டி ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். டிரைவர் பானட் மேல் சாய்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

போன் அடித்தது. கேனுக்குள் இருப்பதால் சத்தம் இன்னும் பெரிதாகக் கேட்டது.

"அம்மா, நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கேங்க."

"சாப்ட்டீங்களா?"

"சாப்ட்டேங்க" என்றேன். தினமும் அத்தனை பேருக்குச் சோறு போடுகிறவளை யாரும் அப்படிக் கேட்பதில்லை. மனசுக்கு இதமாக இருந்தது.

"சுகர் மாத்திரை ஒழுங்காப் போடறீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் டிரைவர் பதில் சொன்னார். "போடுதுங்க, போடுது. மேல ஒரு டம்ளர் பாயாசமும் ஊத்திக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். "யாரும்மா அது?" என்றார் சிஸ்டர்.

"ஜீப்புங்க" என்றேன் பதற்றத்தில். இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

"சரி, வயித்து வலி?"

"இல்லீங்க."

"கால் வீக்கம்?"

"இல்லீங்க."

"ரத்தம் ஏதாவது பட்டுச்சா?"

சிரிப்பு நின்றுவிட்டது. பெண்கள் தரையைப் பார்த்தார்கள். டிரைவர் பீடியைக் கீழே போட்டு மிதித்தார். மூட்டை ஏற்றியவர்கள் மட்டும் ஒன்றும் கேளாதவர்களைப் போல ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"இல்லீங்க" என்றேன். அன்று அது உண்மை.

"அந்த எடத்துல வறட்சி, எரிச்சல் எதனா…"

"இல்லீங்க, இல்லீங்க!" என்று கத்தியபடி கேனுக்குள் கையை விட்டுப் போனை எடுத்தேன். லைன் அறுந்தது. டிரைவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "கட் ஆய்டுச்சாக்கா? திரும்பப் போட்டுப் பாரு" என்றார். "முடிஞ்சிடுச்சி" என்று சொல்லிவிட்டு நடந்தேன். அவர்கள் நல்ல மாதிரி. பிறகு அதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அடுத்த சில நாட்கள் பள்ளிக்கு விறகு கொண்டுவந்து போடுகிறவர்கூட என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

மழைக்காலத்தில் ஒரு காலை குளிக்கும்போது பாவாடையில் சின்னக் கறையைப் பார்த்தேன்.

முதன்முதலில் நோய் வந்தபோதும் இப்படித்தான் ஆரம்பித்தது. மாதவிடாய் நின்று சில வருடங்கள் ஆன பிறகு பட்டது. நின்றுபோனது திரும்ப வந்துவிட்டது என்று நினைத்து, வழக்கம்போல அந்த நாட்களில் சாமி படத்துக்கு விளக்கேற்றாமல் ஒதுங்கியிருந்தேன். நோய் என்று தெரியாமல் அதற்கு நான் தீட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த முறை அப்படி நினைக்க வழியில்லை. பையே இல்லாத உடம்பு. ஒரு துளி பட்டாலும் அன்றைக்கே சொல்ல வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னது அங்கேயே காதில் கேட்டது.

மறுநாள் சிஸ்டர் கூப்பிடும் நாள். சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். அன்றும் ஜீப்பில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். டிரைவர் என்னைப் பார்த்ததும், "எல்லாரும் சும்மா இருங்கப்பா, அக்காவுக்கு ஆஸ்பத்திரி போன் வருது" என்றார். உதவி செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அந்த அமைதியில் கேனிலிருந்து சிஸ்டரின் கேள்வி ஒவ்வொன்றும் தெளிவாகக் கேட்டது. நான் ஒவ்வொன்றுக்கும் இல்லீங்க என்றேன். ரத்தம் பட்டதா என்றதற்கும் இல்லீங்க என்றேன்.

"ரொம்ப சந்தோஷம்மா. நல்லா இருக்கீங்க. மூணு மாசம் கழிச்சிக் கூப்புட்றேன்."

"பாஸுக்கா!" என்றார் டிரைவர். "எல்லாக் கேள்விக்கும் கரெக்டா சொல்ட்ட." பெண்கள் சிலர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள்.

அதன் பிறகு பரீட்சை விடுமுறை வந்தது. பிள்ளைகள் அவரவர் ஊருக்குப் போனார்கள், வாத்தியார்களும் இறங்கிவிட்டார்கள். அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அந்தப் பெரிய அடுப்பில் என் ஒருத்திக்கு ஒரு கைப்பிடி அரிசி போட்டேன். விறகு எரிகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. கறை மறுபடியும் பட்டது. இல்லை என்று சொன்னதால் அது இல்லாமலே போய்விடும் என்று என்னுள் ஏதோ ஒன்று நம்பிக்கொண்டிருந்தது. நான் நன்றாக இருப்பதாக சிஸ்டர் சொல்லிவிட்டார். நன்றாக இல்லை என்று தெரிந்தவள் இந்த மலையில் நான் ஒருத்திதான்.

வளைவில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனேன். கேனுக்குள் போனை வைத்து நானே கூப்பிட்டேன். எடுத்தது ஓர் ஆண் குரல்.

"சிஸ்டர் லீவுங்க. இன்னா விஷயம், என் கிட்ட சொல்லுங்க."

கேனைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஹலோ? சொல்லுங்கம்மா. எழுதி வெச்சிர்றேன்."

"சும்மாங்க" என்று சொல்லிப் போனை வெளியே எடுத்துவிட்டேன்.

மறுநாள் விடிவதற்கு முன் ஜீப்பில் உட்கார்ந்திருந்தேன். "இன்னாக்கா, போன்லயே முடிஞ்சிடுச்சே, திரும்ப எங்க?" என்றார் டிரைவர். அண்ணன் வீட்டுக்கு என்றேன். வழி நெடுக மழை. தார்ப்பாயின் கிழிசலில் ஒழுகிய தண்ணீர் என் தோளில் விழுந்துகொண்டே இருந்தது. தள்ளி உட்கார இடம் இருந்தும் தள்ளி உட்காரவில்லை.

அது எங்கள் நோய்க்காரர்கள் வரும் நாள் இல்லை. பெஞ்சில் தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. லீவு முடிந்து வந்திருந்த சிஸ்டர் என்னைப் பார்த்து நின்றுவிட்டார்.

"நீங்க இன்னாம்மா இங்க?"

சுற்றி இருந்தவர்களைப் பார்த்தேன். அவர் குனிந்து காதைக் கொடுத்தார். சொன்னேன். அவர் முகம் மாறியது.

"எப்போலேர்ந்து?"

"நீங்க போன் பண்றதுக்கு முன்னாடிலேர்ந்துங்க."

"நான் கேட்டேனே. கேட்டேனா இல்லியா? இல்லன்னு சொன்னீங்களே." அதில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகமாக இருந்தது. என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்.

திரைக்குப் பின்னால் மேசையில் படுத்திருந்தேன். பெரிய டாக்டரம்மா பார்த்து, கொஞ்சம் சதையைக் கிள்ளி எடுத்தார். வலித்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன். கையுறையைக் கழற்றிவிட்டு அவர் திரைக்கு அந்தப் பக்கம் போனார். அவர்கள் மெதுவாகத்தான் பேசினார்கள், இருந்தாலும் எனக்குக் கேட்டது.

"இதுக்குத்தான் சொன்னேன்" என்றார் டாக்டரம்மா. "கோப்புல பாருங்க. ரத்தம் இல்ல, வலி இல்ல, எல்லாம் இல்ல."

"ஆனா மேடம், அவங்களே வந்துட்டாங்க பாருங்க. பழைய மாதிரி இருந்திருந்தா செக்கப் தேதி வரட்டும்னு காத்திருப்பாங்க."

"லேட்டா வந்திருக்காங்க."

"வந்திருக்காங்க இல்ல?"

"நான் கேட்ட விதம் தப்போ என்னவோ" என்றார் சிஸ்டர்.

அதைக் கேட்டதும் எனக்குத் தாங்கவில்லை. புடவையைச் சரிசெய்துகொண்டு இறங்கி வந்தேன். "சிஸ்டர் மேல தப்பு இல்லீங்க" என்று ஆரம்பித்து, கம்பம், கேன், ஸ்பீக்கர், ஜீப் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அறையில் நான் அவ்வளவு நீளமாகப் பேசியது அன்றுதான். சின்ன டாக்டர் முதலில் சிரித்துவிட்டார், பிறகு சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"அப்போ நான் கேட்டதெல்லாம் அங்க இருந்த எல்லாருக்கும் கேட்டுச்சா?" என்றார் சிஸ்டர்.

"ஆமாங்க."

"வறட்சி, எரிச்சல்னு கேட்டேனே, அதுவுமா?"

"அதுவுந்தாங்க."

சிஸ்டர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். சின்ன டாக்டர் மேசை மேலிருந்த பேனாவை உருட்டிக்கொண்டே, "போன் இருக்கான்னு மட்டும் கேட்டோம்" என்றார். "தனியாப் பேச எடம் இருக்கான்னு கேக்கல. இத்தனை பேருக்குப் போன் பண்றோம். இன்னும் எத்தனை பேரு இப்டி இல்லீங்க, இல்லீங்கன்னு சொல்றாங்களோ."

ரிசல்ட் வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். நேரில் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். அந்த ஒரு வாரமும் பள்ளியில் யாரும் இல்லை. செய்ய ஒன்றுமில்லாமல் மளிகை டப்பாக்களை எல்லாம் இறக்கித் துடைத்து மறுபடியும் அடுக்கினேன். நோய் திரும்பியிருந்தால் யாரிடம் முதலில் சொல்வது என்று யோசித்தேன். அண்ணனிடம் சொன்னால் அண்ணியைப் பார்ப்பார். வேறு யாரும் நினைவுக்கு வரவில்லை. யோசிப்பதை விட்டுவிட்டேன்.

நோய் இல்லை. கரண்டு வைத்ததில் உள்தோல் மெலிந்துபோய், உரசினாலே ரத்தம் படுகிறதாம். தடவ ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார்கள். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். சிஸ்டர் தண்ணீர் கொடுத்தார்.

"இந்த வாட்டி நீங்களே சொல்லுங்க" என்றார் சின்ன டாக்டர். "வரீங்களா, போனா?"

மூன்று பேரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

"வர்றேங்க."

"மேடம், நீங்க ஜெயிச்சிட்டீங்க" என்றார் அவர்.

பெரிய டாக்டரம்மா சிரிக்கவில்லை. "நான் ஒண்ணும் ஜெயிக்கல. இந்தத் தோல் நேத்து மெலிஞ்சது இல்ல. ரெண்டு வருஷமா ஒவ்வொரு வாட்டியும் எரிச்சல் இருக்கான்னு நான் இதே எடத்துல கேட்டிருக்கேன். இங்க ஜீப்பும் இல்ல, கேனும் இல்ல. இல்லன்னுதானே சொன்னீங்க? அப்போ இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க."

டாக்டருக்குப் படிக்கும் பிள்ளைகள் சிலர் கதவோரம் நின்றிருந்தார்கள். டாக்டரம்மா அவர்களைப் பார்த்து வெளியே போகும்படி சைகை காட்டினார். சின்ன டாக்டரும் தானாகவே எழுந்து போனார். கதவு சாத்தப்பட்டது.

"நான் பாக்கறதுல பாதிதான் தெரியும்" என்றார் டாக்டரம்மா. "மீதி நீங்க சொன்னாத்தான். சொல்றதா இருந்தா வாங்க. சும்மா வந்து இல்லீங்கன்னு சொல்றதுக்கு எதுக்கு மூணு வண்டி மாறணும்? இப்போ சொல்லுங்க. வேற என்ன இருக்கு?"

எரிச்சலைச் சொன்னேன். சிறுநீர் அடிக்கடி வருவதைச் சொன்னேன். ஒவ்வொன்றும் வாயிலிருந்து வர நேரமானது. அவர் அவசரப்படுத்தாமல் எழுதிக்கொண்டே வந்தார்.

"அவ்ளோதானா?"

"பயமா இருக்குங்க" என்றேன். "பாவாடையை எப்பவும் பாத்துக்கினே இருக்கேன். யாரு கிட்டயும் சொல்ல முடியல. சொல்றதுக்கு ஆளும் இல்லீங்க."

அவர் பேனா தாளின் மேலேயே நின்றது. நான் சொன்னதை எந்த இடத்தில் எழுதுவது என்று பார்க்கிறார் போலிருந்தது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இதுக்கு என் கிட்ட மருந்து இல்லம்மா" என்றார். "வரும்போது சொல்லுங்க. கேக்கறேன்."

ஆறு மாதம் கழித்து ஒரு தேதி போட்டுக் கொடுத்தார். தான் போன் செய்து கேட்கிற ஆட்களின் வரிசையிலிருந்து என் பெயரை எடுத்துவிடுவதாகச் சிஸ்டர் சொன்னார். அவரைத் தவிர என் போனுக்கு யாரும் கூப்பிட்டதில்லை. இருந்தும் எடுக்க வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை. வெளியே என் நாற்காலிக்காக ஒருத்தி காத்திருந்தாள், புதியவள். அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றேன்.